வேகாத உள்ளங்கை

ஜூன் மாதம் எங்கள் சாரேமா தீவில்
பொழுது சாய மறந்துவிடும்.
இரவு பத்து மணிக்கும் வெயில்
மருந்துக்கடைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி
உள்ளே எட்டிப் பார்க்கும்.
நீண்ட இருட்டுக்கு வட்டி வசூலிப்பவர்கள் போல
ஜனங்கள் சட்டையைக் கழற்றிவிடுவார்கள்.
மறுநாள் ஒவ்வொருவராக வருவார்கள்,
தம் தோள் தம்மேலேயே படாமல் நடந்து.

கவுப்போ வந்தான். கூரைக்கு நாணல் வேய்பவன்.
அவனுக்கு முன்பே உள்ளே வந்தது
புளித்த பாலேட்டின் வாடை.
"யார் பூசிவிட்டது?"
"நானேதான். மரக்கரண்டியால்."
எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.
என் முதுகும் சிறு வயதில் அதைக் கண்டிருக்கிறது:
முதல் நிமிடம் சொர்க்கம்,
பிறகு கொழுப்பு காய்ந்து
சூட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

பின்னறைத் தொட்டியில் குனியச் சொன்னேன்.
குளிர்ந்த தண்ணீர். ஐஸ் கூடாது;
வெந்ததை உறையவும் வைப்பது
ஒரே தோலுக்கு இரண்டு தண்டனை.
பாலேடு வழிந்து இறங்க இறங்க
முதுகு தெரிந்தது, கொதித்த நண்டுச் சிவப்பில்.
அதன் நடுவே
இடது தோள்பட்டைக்குக் கீழே
ஐந்து விரல்.

வெள்ளையாக. வேகாமல்.
சின்னக் கை.
சுண்டுவிரல் மட்டும் சண்டை போட்டதுபோல்
தள்ளி நின்றது.

சொன்னேன்.
அவன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் குனிந்தே இருந்தான்.
தூலி. ஆறு வயது.
ஞாயிறு காலை துத்தநாகக் களிம்பை அள்ளி
முதுகில் ஒரே அழுத்து,
"முடிஞ்சுது!" என்று ஓடியிருக்கிறாள்,
அம்மாவோடு கப்பலேற.
துர்க்கு நகரில் அம்மாவுக்கு வேலை.
பள்ளிக்கூடமும் இனி அங்கேதான்.
இவன் துறைமுகத்திலிருந்து திரும்பி
நேராகக் கூரைமேல் ஏறி
மாலைவரை குப்புறக் கிடந்திருக்கிறான்.
அந்தக் களிம்பை விற்றவள் நான்.
முதுகு முழுக்க என்று சொல்லித்தான் விற்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
இன்றிரவு இன்னும் எரியும்,
வெயில் போனாலும் தோல் அதை விடாது.
நிறையத் தண்ணீர் குடி.
தளர்ந்த பருத்திச் சட்டை போடு.
கொப்புளம் வந்தால் குத்தாதே,
உடம்பு தனக்கே போட்டுக்கொண்ட தண்ணீர்ப் பந்தல் அது.
காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் டாக்டரிடம் போ,
என்னிடம் வராதே.
நாலைந்து நாளில் உரியும். பிய்க்காதே.
வெந்த அணுக்கள் தம் கணக்கைத் தாமே பார்த்து
இனி ஒழுங்காகப் பெருக முடியாதென்று
விளக்கணைத்துக்கொண்டு போகின்றன.
போகட்டும்.

"அது மட்டும் உரியாமலிருக்க
ஏதாவது இருக்கிறதா?"

பதினெட்டு வருடம் கடையில் நிற்கிறேன்.
இப்படி யாரும் கேட்டதில்லை.
கற்றாழைக் களிம்பை விரலில் எடுத்துக்கொண்டே சொன்னேன்:
கை உரியாது, கவுப்போ.
அதற்கு ஒன்றும் ஆகவில்லையே.
சுற்றியிருப்பதுதான் உரிந்து, வெளிறி
மெல்ல மெல்ல அதன் நிறத்துக்கு வந்து சேரும்.
அப்போது தெரியாமல் போகும். அவ்வளவுதான்.

களிம்பைச் சுற்றிலும் தடவினேன்.
சுண்டுவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பஞ்சுக்குச்சியால்.

அடுத்த வாரம் வந்து சட்டையைத் தூக்கினான்.
"இருக்கிறதா?"
முதுகு பூர்ச்சமரப் பட்டைபோல் சுருண்டு நின்றது,
அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல்,
இன்னும் யாரும் வைத்திராத பெயர் போல.
"இருக்கிறது."
ஜூலையிலும் வந்தான். அரிக்கிறதாம்.
ஆறுவதன் சத்தம் அது என்றேன்.
கட்டைவிரல் மங்கியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஒன்றுமே இல்லை.
ஒரே நிறத்தில் ஒரு மனிதனின் முதுகு.
விரலை வைத்துக் காட்டினேன்: "இங்கே."

தலையாட்டினான்.
சட்டையை இறக்கிவிட்டுச் சில்லறை எண்ணினான்.
துத்தநாகக் களிம்பு ஒன்று கேட்டான்,
பெரிய டியூப்.